உப்புச் சாடி இன்னும் உள்ளே இருக்கிறது

கிட்ட வந்து உட்காருங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட. இது சத்தம் போட்டுச் சொல்கிற விஷயம் இல்லை. வெளியே பெரிதாக ஒன்றும் நடக்காத ஒரு காலை நேரத்தில் என் மண்டைக்குள் மட்டும் ஓடினது. அதுவும் போக, சாமான் எடுத்த வீட்டில் குரலை உயர்த்தினால் நாலு சுவரும் சேர்ந்து திருப்பிச் சொல்லும், மாடிக்குக் கேட்டுவிடும். நான் இப்போது அந்தக் காலிக் கூடத்தில்தான் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரை ஆரப்பாளையத்தில் ஒரு சந்து, அதில் கீழ்வீடு. ஆனி மாதத்துக் கடைசி நாள். விடிந்தால் ஆடி. ஆடியில் எவனும் வீடு மாற மாட்டான், எவனும் மாற விடவும் மாட்டான். ஆக, போனால் இன்றைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஒரு மாதம் எந்த வாசலும் திறக்காது.

சந்து முனையில் குட்டியானை வண்டி நிற்கிறது. கட்டில், பீரோ, ஆட்டுக்கல், மெத்தை, என்னுடைய குழாய் ரேடியோ, அதன் சாமான்களைப் பூட்டி வைக்கிற இரும்புப் பெட்டி, எல்லாம் ஏறிவிட்டது. வண்டிக்கார ஜெபராஜ் அப்பப்போ ஆரனை அமுக்குகிறார். முதலில் அமுக்கினபோது அது ‘ஐயா’ என்று கூப்பிட்டது மாதிரி இருந்தது, இப்போது ‘யோவ்’ என்று கேட்கிறது. வீட்டுக்குள் மிச்சம் இருப்பது என்ன? அடுப்பங்கரையில் ஒற்றை அடுப்பு, அதற்குப் பக்கத்தில் உப்புச் சாடி, மாடத்தில் எரிகிற விளக்கு, ஒரு பாய், பாய் மேல் நான், என் சட்டைப் பையில் கைக்குட்டையில் முடிந்த வீட்டுச் சாவி. இவ்வளவும் என் வீட்டுக்காரி சீனியம்மாள் வைத்துவிட்டுப் போன ஏற்பாடு. சாவியை என் பையில் போட்டு, பித்தானை மாட்டி, உள்ளங்கையால் அதை ஒரு தட்டுத் தட்டி, “நான் செத்த நேரத்துல வந்துடுறேன். யாரு வந்து கேட்டாலும், அழுது கேட்டாலும், சாவியக் குடுத்துறாதீங்க” என்றாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன். “போற எடத்துக்கு” என்றாள். நாற்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணினவளிடம் இதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க முடியாது. கேட்டால் பதில் வராது, காப்பியும் வராது.

ஒத்தி என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாசாமாசம் வாடகை கிடையாது. குடி வருகிற அன்றைக்கு மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். இருக்கிற வரைக்கும் இருக்கலாம். போகிற அன்றைக்கு அதே தொகையை அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டு போகலாம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! நான் கல்யாண வீடுகளுக்கும் கோயில் கொடைகளுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிச் சேர்த்த பணம், சீனியம்மாள் கழுத்தில் கிடந்தது, மகள் திருப்பூரிலிருந்து அனுப்பினது, மூன்று லட்சம், அதைத்தான் வீட்டுக்காரர் தெய்வேந்திரனிடம் கொடுத்தோம். அவர் அந்தப் பணத்தை வைத்து மாடி எழுப்பினார். எழுப்பினதில் தப்பில்லை, பணத்தைக் கொடுத்தால் அது அவர் பணம்தான். ஆனால் இத்தனை வருஷமும் மாடியில் அவர் செருப்பு சரக் சரக்கென்று போகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம்ம பணத்தின் மேல் யாரோ நடக்கிறார்கள் என்றுதான் இருக்கும். கோபமாக இல்லை. பணம் பத்திரமாக இருக்கிறது, தலைக்கு மேலேயே இருக்கிறது, நடமாடிக்கொண்டும் இருக்கிறது என்று ஒரு நிம்மதி. இப்போதுகூட நடக்கிறார். அங்கேயிருந்து இங்கே, இங்கேயிருந்து அங்கே. இன்றைக்கு நடையில் குதிகால் அழுந்தவில்லை. நுனிக்காலால் நடக்கிறார். யோசனையில் இருக்கிறவன் நடை அது, இல்லை, கையில் காசு இல்லாதவன் நடை.

இருக்காதா பின்னே. மாடியைப் பிரித்தா எங்களுக்குத் தர முடியும்? புதிதாக வருகிற குடித்தனம் கொடுக்கிற ஒத்தியை வாங்கித்தான் பழைய குடித்தனத்துக்குக் கொடுப்பார்கள், எல்லா ஊரிலும் அப்படித்தான். புதுசாக வருகிறவர்கள் எங்களை விடக் கூடத்தான் தருகிறார்களாம். அப்புறம் என்ன கஷ்டம்? கஷ்டம் என்னவென்றால், அவர்கள் பால் காய்ச்சின பிறகுதான் பணம் தருவார்கள். வீடு காலியானால்தான் பால் காய்ச்சுவார்கள். பணம் கைக்கு வந்தால்தான் நாங்கள் காலி பண்ணுவோம். “நீங்க மொதல்ல சாவியக் குடுங்க” என்கிறார் தெய்வேந்திரன். “நீங்க மொதல்ல பணத்தக் குடுங்க” என்கிறாள் சீனியம்மாள். செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடம். போதாததுக்கு, பணத்திலும் பிடித்தம் உண்டு என்று போன வாரம் இறங்கி வந்தார். வெள்ளையடிக்க இவ்வளவு, மோட்டாருக்குக் காயில் கட்ட இவ்வளவு, துவைகல் உடைந்ததற்கு இவ்வளவு, ஆணிக்கு இவ்வளவு. ஆணிக்கு! கைவிரலை நீட்டிச் சுவர் சுவராகப் போய் எண்ணினார். சாமி படத்து ஆணியைக் கூட விடவில்லை. “சாமிக்குமா தம்பி?” என்று சீனியம்மாள் கேட்டதற்கு, “சாமிதான மதினி, ஓட்டை என்னமோ செவத்துல” என்றார். எல்லாம் கூட்டினால் அரை லட்சத்துக்கு மேலே போகிறது. விளாங்குடியில் பார்த்திருக்கிற வீட்டுக்காரருக்கு மூன்று லட்சம் முழுசாக, மத்தியானத்துக்குள் போயாக வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் அடுத்த ஆள் ரெடி என்று சொல்லிவிட்டார். அப்படி ஆனால் குட்டியானையில் ஏறின கட்டில் எங்கே இறங்கும்? வேண்டாம். வேறு எதையாவது பார்ப்போம். ஆணியைப் பார்ப்போம்.

கூடத்தில் காலண்டர் ஆணி. அதற்குக் கீழே சுவர் மட்டும் வெள்ளையாக, காலண்டர் அளவுக்கு ஒரு சதுரம். கடிகார ஆணி. மகள் கல்யாணப் படத்து ஆணி. கொடிக்கயிற்று ஆணி இரண்டு பக்கமும், ஈரத்துணி இழுத்து இழுத்துத் தலை குனிந்துபோனது. இது ஒன்று, தெய்வேந்திரன் வீட்டு விசேஷத்துக்கு நான் குழாயை மாட்டினது, அவரே சுத்தியல் எடுத்து அடித்துக் கொடுத்தது, அதையும் சேர்த்துத்தான் எண்ணினார். அடுப்பங்கரை நிலைக்குப் பக்கத்தில், என் தோள் உயரத்துக்கு ஒன்று. அது எதற்கு? அதில் எதுவும் தொங்கி நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. முறம் மாட்டவா? முறத்துக்கு இடம் உள்ளே. தூக்குச்சட்டிக்கா? அவ்வளவு பாரம் தாங்காது, சின்ன ஆணி. யாரடித்தது? நான்தான் அடித்திருப்பேன், கொஞ்சம் கோணலாக இருக்கிறது. எதற்கடித்தேன்? தொண்டையில் முள் மாட்டினது மாதிரி இந்த ஆணி மனசுக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறது. போகட்டும். வேறு பார்ப்போம்.

காலி வீட்டின் சத்தம் ஒன்று இருக்கிறது பாருங்க. எனக்குக் காதுதான் பிழைப்பு. பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கினதோடு சரி. ஆனால் எந்த மண்டபத்தில் எந்த மூலையில் குழாயைக் கட்டினால் மந்திரமும் கேட்கும் வசவும் கேட்கும் என்று காது சொல்லிவிடும். சாமான் இருக்கிற வீடு சத்தத்தைக் குடித்துவிடும். மெத்தை, துணி, அரிசி மூட்டை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குடிக்கும். இப்போது குடிக்க ஆள் இல்லை. நான் தொண்டையைச் செருமினால் வேறொருவன் அடுப்பங்கரையிலிருந்து செருமுகிறான். யாரும் பார்க்கவில்லை, சின்னதாக, “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்றேன். “டிங்... டிங்...” என்று வீடு மரியாதையாகத் திருப்பிச் சொன்னது. சிரிப்பு வந்தது. இவ்வளவு வருஷத்தில் இந்த வீடு எனக்குப் பதில் பேசினது இன்றைக்குத்தான். பையிலிருந்து சாவியை முடிச்சோடு எடுத்துத் தரையில் தட்டினேன், பொழுது போகாமல்தான். டிணுங். ஒரு சின்னச் சங்கடம். வீட்டுச் சாவி இப்படிச் சத்தம் போடாதே, அது ‘டொக்’ என்று இல்லையா விழும்? திரும்பத் தட்டினேன். டிணுங். சரி, காலி வீட்டில் எல்லாம்தான் மாறிக் கேட்கிறது, என் குரலே எனக்கு மாமனார் குரல் மாதிரி இருக்கிறது, சாவி மட்டும் என்ன செய்யும் என்று பையில் போட்டுப் பித்தானை மாட்டிக்கொண்டேன்.

மாடியில் ஏதோ உருண்டது. டம்ளராக இருக்கும். எனக்கு உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டது. எது உருண்டாலும் எனக்கு இப்படித்தான். கல்யாணம் ஆன புதிதில் செல்லூரில் ஒரு லைன் வீடு. மழைக்காலம், திருவிழா கிடையாது, குழாய் கட்ட ஆள் கிடையாது, வாடகை நின்றுபோனது. ஒருநாள் வீட்டுக்காரர் சட்டிபானையைத் தூக்கித் தெருவில் எறிந்தார். சீனியம்மாள் சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குடம், தெருவோ பள்ளம், அது உருண்டது பாருங்க, கணகணகணவென்று, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முட்டி எங்கள் கதையைச் சொல்லிவிட்டுப் போனது. தெருவே எட்டிப் பார்த்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அவள் ஓடினாள், குடத்துக்குப் பின்னாலேயே ஓடினாள், அழுதுகொண்டு ஓடுகிறாள் என்று நினைத்தேன். தெருக்கோடியில் குடத்தைப் பிடித்து, இடுப்பில் வைத்து, அங்கே கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், “இந்தத் தெருவுல வீடு காலி இருக்காக்கா? குடத்தோட வந்திருக்கேன்” என்று கேட்டாளாம். குடத்தோடு வாசலுக்கு வந்த பொண்ணை இல்லையென்று அனுப்ப அந்த அம்மாவுக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் அங்கேதான் சோறு பொங்கினோம். அப்படிப்பட்டவள். இப்போதும் எங்கேயோ போயிருக்கிறாள், எதையோ இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். வருவாள். வராமல் போனால்? விளாங்குடிக்காரர் அடுத்த ஆளிடம் பணத்தை வாங்கியிருந்தால்? குட்டியானை மேலிருந்து கட்டில், பீரோ, பித்தளைக் குடம் (அது இன்னும் இருக்கிறது, நெளிவோடு) எல்லாம் ரோட்டில் இறங்கினால்? எழுபது வயதில் எந்தச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பேன்? விளக்கு கொஞ்சம் ஆடினது. காற்று. போய்க் கையால் அணை கொடுத்துவிட்டு வந்தேன். எண்ணெய் இருக்கிறது. பார்த்துப் பார்த்து ஊற்றிவிட்டுப் போயிருக்கிறாள்.

செருப்புச் சத்தம் படியில் இறங்குகிறது. தெய்வேந்திரன்தான். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். காலிக் கூடத்தைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது, அடுப்பங்கரையில் அடுப்பைப் பார்த்ததும் சுருங்கியது. “என்னண்ணே, எல்லாம் ஏத்தியாச்சு போல. மதினி எங்க?” “வெளிய போயிருக்கா தம்பி.” “நல்ல நேரம் போய்க்கிட்டிருக்குண்ணே. நான் போன் போட்டாத்தான் அவங்க பாலோட கெளம்புவாங்க. நீங்க இப்படி நடுவீட்டுல உக்காந்திருந்தா நான் எந்த வாயால போன் போட?” அவர் வந்து என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். வீட்டுக்காரர் தரையில், நான் பாயில். எனக்குச் சங்கடமாகி நகர்ந்து பாயில் இடம் கொடுத்தேன். “அண்ணே, நமக்குள்ள என்ன நேத்து முந்தாநாள் பழக்கமா? எம்மக சடங்குக்குக் குழா கட்டி ஒரு பைசா வாங்காமப் போனவரு நீங்க. உங்க பணத்த நான் திம்பேனா? சாவியக் கையில குடுங்க, அவங்களுக்குப் போனப் போடுறேன், வந்தவுடனே வாங்கி உங்களுக்கு. புடிக்கிறதப் புடிச்சுக்கிட்டு மிச்சம்.” “புடிக்காம முடியாதா தம்பி?” என்று கேட்டேன். அவர் எச்சில் விழுங்கினார். அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. கூட்டத்தில் பேசத் தெரியாதவன் மைக்கு முன்னால் நின்று விழுங்குவானே, அந்தச் சத்தம். மனுஷன் பயந்துபோய் இருக்கிறார். அவருக்கும் எங்கேயோ ஒரு குடம் உருண்டுகொண்டிருக்கிறது. மாடியில் அவர் சம்சாரம் இருமுகிறாள், வெகுநாளாக அந்த இருமல், மருந்துக்கும் போகும்தான் பணம். பித்தான் எப்போது கழன்றது என்று தெரியாது. முடிச்சு அவர் கையில் இருக்கிறது. அவர் கைக்குட்டையை அவிழ்த்து, சாவியை எடுத்துக்கொண்டு, துணியை மடித்து என்னிடமே கொடுத்து, “நீங்க தெய்வம்ணே. அப்படியே அந்த அடுப்பையும் வெளக்கையும் வெளிய எடுத்து வச்சிருங்க” என்றார். “அது அவ ஏத்துன வெளக்கு தம்பி. நான் தொட மாட்டேன்” என்றேன். அதை மட்டுமாவது சொன்னேனே. செருப்பு படியில் ஏறினது, இந்தத் தடவை குதிகால் நன்றாக அழுந்தி. பிறகு மேலே அவர் குரல்: “காலியாயிருச்சுங்க. சாவி எங்கையில இருக்கு. ஒடனே வாங்க. ஆமாமா, பணத்தோடதான்.”

என்ன செய்துவிட்டேன்? அழுது கேட்டாலும் கொடுக்காதே என்றாள். அழக்கூட இல்லையே, ஒரு எச்சில் விழுங்கினதற்குக் கொடுத்துவிட்டேனே. கைக்குட்டை கையில் காலியாக இருக்கிறது. வேர்க்கிறது, அதாலேயே துடைத்துக்கொண்டேன். சொல்லாமல் இருந்துவிடலாமா? அவளிடமா? என் மூச்சு ஏறி இறங்குவதை வைத்தே நான் டீக்கடையில் வடை தின்றேனா பஜ்ஜி தின்றேனா என்று சொல்கிறவளிடமா? எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். ஜெபராஜ் ஆரன் அடித்தார். வாரேன்யா என்று நான் இங்கே சொல்ல, வாரேன்யா என்று அடுப்பங்கரை சொன்னது. நிலைக்குப் பக்கத்து ஆணி என்னையே பார்க்கிறது. உனக்கு என்ன வேணும் இப்போ? உன்னில் என்ன மாட்டினேன்? சின்னதாக, கனமில்லாததாக, அடிக்கடி எடுக்கிறதாக. கயிறு. ஒரு சின்னக் கயிறு மாதிரி ஏதோ ஞாபகம் வருகிறது, கயிற்று நுனியில் என்ன, அது வருவதற்குள் சந்தில் ஆட்டோ வந்து நின்றுவிட்டது. இவ்வளவு சீக்கிரமா? போன் வைத்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம்கூட ஆகவில்லையே. முனையிலேயே காத்திருந்தார்களோ?

புதுக் குடித்தனம். முன்னால் ஒரு அம்மா, அறுபது இருக்கும், கையில் பால் செம்பு, பேர் குருவம்மாள் என்று பிறகு தெரிந்தது. பின்னால் அவர் மகன், தோளில் பை, அந்தப் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருக்கிறான், அதிலேயே தெரிந்துவிட்டது பணம் எங்கே இருக்கிறதென்று. மருமகள் கையில் சாமி படம். தெய்வேந்திரன் தடதடவென்று இறங்கி வந்து, “வாங்கம்மா, வாங்க, வலது காலை வச்சு வாங்க” என்கிறார். அந்த அம்மா வைக்கவில்லை. வாசலிலேயே நின்று தலையை நீட்டிப் பார்த்தார். மாடத்தில் விளக்கு. அடுப்புக்குப் பக்கத்தில் சாடி. “காலியாயிருச்சுன்னு சொன்னீங்களே.” “ஆயிருச்சும்மா, இந்தா சாவி.” “சாவி இருக்கட்டும். வெளக்கு எரியிது. உப்பு இருக்கு. இன்னொருத்தி உப்பு இருக்கற அடுப்படியில நான் எப்படிப் பால் வைப்பேன்?” “அண்ணே, எடுங்கண்ணே!” என்று தெய்வேந்திரன் என்னைப் பார்த்துக் கத்தினார், ‘ணே’ என்று வீடும் கத்தினது. நான் அந்த அம்மாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார், கண்ணில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. “அவர எடுக்கச் சொல்லாதீங்க. ஏத்துன கைதான் எறக்கணும். அந்தப் பொம்பள மனசு குளுந்து போகணும். வயிறெரிஞ்சு ஒருத்தி போன வீட்டுல எம்மருமக வந்து வாழணுமா? சீனி மதினி வரட்டும்.”

சீனி மதினி! என் காது விறைத்துக்கொண்டது. நான் சொன்னேனா? இல்லை. தெய்வேந்திரன் மதினி என்றுதான் சொல்வார், பேர் சொல்ல மாட்டார். இந்த அம்மாவுக்கு என் பெண்டாட்டி பேர் யார் சொன்னது? யோசனை ஓடி முடிவதற்குள் அவளே வந்துவிட்டாள். வியர்வையில்லை, பதற்றமில்லை, கையில் ஒரு தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு முழம் பூ. காலையிலிருந்து எங்கே இருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் புதிதாகப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டார்கள். “வாங்க மதினி. வெளியிலயே நிக்கிறீங்களே. நல்ல நேரம் போயிறப் போகுது. இந்தா இருக்கு அடுப்பு, என் அடுப்புலயே வைங்க, நான் போறதுக்கு முந்தி நீங்க பொங்கிட்டா எனக்கும் சந்தோசம்.” அந்த அம்மாவும், “நீங்க முழு மனசாச் சொன்னா வைக்கிறேன்” என்றார். “முழு மனசுக்கு முழுப்பணம் வரணும்ல” என்று சிரித்துக்கொண்டே தாம்பாளத்தை விளக்குக்கு முன்னால் வைத்தாள். குருவம்மாள் மகனைப் பார்த்தார். பையிலிருந்து பணம் கட்டுக்கட்டாகத் தாம்பாளத்தில் இறங்கியது, குருவம்மாள் அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினார். தெய்வேந்திரன் குனிந்து எடுக்கப் போனார். “தம்பி, பால் வச்சாச்சு” என்றாள் சீனியம்மாள். “பொங்குறதுக்குள்ள வீட்டுக்காரர் கையால பழைய குடித்தனத்துக்குக் குடுத்துருங்க. மிச்சத்த உங்க மடியில கட்டிக்கங்க. புடித்தம் கிடித்தம்னு பேசுறதா இருந்தா பேசுங்க, ஆனா இவங்க முன்னாடி, பால் முன்னாடி பேசுங்க.” அவர் வாயைத் திறந்தார். பால் சுணங்கிச் சுணங்கி மேலே வருகிற சத்தம் கேட்டது. குருவம்மாள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தார். மருமகள் பார்த்தாள். ஆணிக்கணக்கை ஒரு மனுஷன் அந்த நேரத்தில் எப்படிச் சொல்வான்? மூடினார். எடுத்தார், எங்கள் பணத்தை முழுசாக எடுத்து அவள் முந்தானையில் வைத்தார். பால் பொங்கி வழிந்து அடுப்பில் சுரீர் என்றது. மருமகள் குலவை போட்டாள் பாருங்க, அந்தக் காலிக் கூடத்தில், ஆயிரம் வாட்ஸ் செட்டு தோற்றது.

என் மனசு அப்படியே இறங்கி உட்கார்ந்தது. உருண்டுகொண்டே இருந்த குடம் எங்கேயோ ஒரு இடுப்பில் போய் ஏறினது மாதிரி. சீனியம்மாள் தன் சுருக்குப்பையிலிருந்து ஒரு நோட்டை உருவி தெய்வேந்திரனிடம் நீட்டினாள்: “தொவைகல்லு எங்க கையில ஒடஞ்சதுதான். அதுக்கு இது. ஆணிக்குக் கெடையாது, இவங்களும் சாமி படம் மாட்டணும்ல.” அவர் வாங்கிக்கொண்டார். முதல் டம்ளர் பாலை அவருக்கே கொடுத்தாள், “மேல தங்கச்சிக்கும் கொண்டு போங்க, சூடா குடிச்சா இருமலுக்கு நல்லது.” அவர் குடித்துவிட்டு, வெட்கமும் ஆறுதலுமாகச் சிரித்தார். குருவம்மாள் தன் விளக்கை எங்கள் விளக்கிலிருந்து ஏற்றிக்கொண்டார், அப்புறம் சீனியம்மாள் எங்கள் விளக்கைப் பூவால் குளிர வைத்தாள், சாடியை இடுப்பில் எடுத்தாள். தெய்வேந்திரன் ஞாபகம் வந்தவராகச் சட்டைப் பையில் கைவிட்டு, “இந்தாங்கம்மா, வீட்டுச் சாவி” என்று நீட்டினார். நான் கொடுத்துவிட்டது அவளுக்கு இப்போது தெரிந்துவிடும். சீனியம்மாள் அந்தச் சாவியை நடுவில் வாங்கி, வெளிச்சத்தில் பார்த்து, “இது இவரோட ரேடியோப் பெட்டிச் சாவியாச்சே தம்பி” என்றாள். சுருக்குப்பையைத் திறந்து இன்னொரு சாவியை எடுத்துக் குருவம்மாள் கையில் வைத்தாள். வைக்கும்போது வளையலில் பட்டது. டொக்.

அப்போது வந்தது ஞாபகம். அந்த ஆணி! இரண்டு சாவி, ஒரே கயிறு. இந்த வீட்டுப் பூட்டு மாதிரியே வேண்டுமென்று திண்டுக்கல் பூட்டுக்காரனிடம் பெட்டிக்கும் ஒன்று வாங்கினோம், அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் சாவிகள், அவைதான் அந்த ஆணியில் தொங்கின. ஒருமுறை பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த கூட்டம் படுக்க இடம் கேட்டதென்று நான் சாவியை எடுத்து நீட்டிவிட்டேன், மகள் வீட்டிலிருந்து இவள் திரும்பி வந்து பார்த்தால் கூடம் பூராவும் தெரியாத ஆட்கள் குறட்டை விடுகிறார்கள். அன்றைக்கு ஆணியிலிருந்து சுருக்குப்பைக்குப் போனது சாவி.

குட்டியானையில் ஜெபராஜுக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து போகிறோம். கேட்காமல் இருக்க முடியவில்லை. “நான் குடுத்துருவேன்னு தெரிஞ்சுதான வச்ச?” “ம்.” “பெறகு எதுக்குக் குடுத்துறாதீங்கன்னு சொன்ன?” “சொல்லலேன்னா, அவரு வந்து ஒக்கார்றதுக்கு முந்தியே எடுத்து நீட்டியிருப்பீங்க. கொஞ்சம் தயங்கிக் குடுத்தாத்தான் நம்புவாரு. சாவி கையில வந்தாத்தான் போனப் போடுவாரு. குருவம்மா மதினி பாவம், பாலோட சந்து முனையில எம்புட்டு நேரம் நிப்பாங்க?” ஜெபராஜ் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? என் இளகின மனசைக்கூட இவள் ஒரு சாமானாக எண்ணிக் கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறாள், எந்த இடத்தில் அது உடையும் என்று பார்த்து அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். நாற்பது வருஷத்தில் யாரும் என்னை இவ்வளவு சரியான இடத்தில் கட்டினதில்லை. காற்று நன்றாக வருகிறது. பின்னால் பித்தளைக் குடம் கட்டில்காலில் லேசாக இடித்துக்கொண்டே வருகிறது, உருளவில்லை, இடுக்கில் பத்திரமாக நிற்கிறது.

விளாங்குடி வீட்டுக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, “ஆணி மட்டும் அடிக்க வேணாம்மா” என்று சொல்லிப் போனார். காலி வீடு. அதே எக்கோ, புதுக்குரல். வாசலில் நின்று சீனியம்மாள் கைக்குட்டையில் ஏதோ முடிந்தாள், என் சட்டைப் பையில் போட்டாள், பித்தானை மாட்டி உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். “புது வீட்டுச் சாவி. இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும்.” எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அவள் உள்ளே திரும்பினதும், பையின் மேலே விரல் நகத்தால் மெல்லச் சுண்டினேன். டிணுங்.

அவள் காதிலும் விழுந்திருக்கும். திரும்பவில்லை. இடுப்புச் சுருக்குப்பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு, உப்புச் சாடியைத் தூக்கிக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து அடுப்படிக்குள் போனாள்.